பையர் போன பிறகு ஊரில் என்ன மிச்சம்?

ஐபோன் ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி என்று வாரம் ஒரு செய்தி வருகிறது, ஆனால் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய எங்கள் ஊரில் அந்தப் பணம் கண்ணில் படவில்லையே, உலக உற்பத்தி வலைப்பின்னலில் (ஒரு பொருளின் வேலையைப் பல நாடுகள் பிரித்துச் செய்யும் ஏற்பாட்டில்) சேர்ந்தால் ஒரு நாடு உண்மையிலேயே முன்னேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஏற்றுமதிக் கணக்கில் காட்டும் தொகை முழுவதும் நம் ஊரில் தங்குகிறதா என்பது ஒன்று. இதற்குச் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது: தங்குவதில்லை. இன்றைக்குக் கூலிக்குக் கோர்த்துக் கொடுக்கும் நாடு நாளைக்குச் சொந்தமாகச் செய்து விற்கும் நாடாக மாறுமா என்பது இன்னொன்று. சில நாடுகள் மாறின, பல மாறவில்லை. ஏன் என்பதில் பொருளியல் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லை. நான் பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு, திருப்பூரில் 27 வருடமாக, வெளிநாட்டுப் பையரிடம் (சரக்கு வாங்கும் கம்பெனியிடம்) ஆர்டர் எடுத்து நடத்தும் மெர்ச்சண்டைசராகவும், பிறகு காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, பார்ப்பவனாகவும் இருக்கிறேன். பனியன் தொழிலை உள்ளே நின்று பார்த்திருக்கிறேன். கார், செல்போன் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய வருடம் சீனாவில் கோர்க்கப்பட்ட ஐபோன் 3ஜியைப் பிரித்துக் கணக்குப் போட்டது. ஒரு போனின் தயாரிப்புச் செலவு 178.96 டாலர். திரை, நினைவகச் சில்லு, செயலி எல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்து வந்தவை. சீனாவில் கோர்த்ததற்கான கூலி 6.50 டாலர். ஆனால் அந்தப் போன் கப்பலோ விமானமோ ஏறும்போது, சீனா 179 டாலருக்கு ஏற்றுமதி செய்ததாகத்தான் சுங்கக் கணக்கில் ஏறும். அதாவது சீனாவில் நின்றது 100க்கு நாலுகூட இல்லை. இந்தப் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் தப்பாகிவிடும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸை அதேபோல் பிரித்துப் பார்த்தபோது, சீனக் கம்பெனிகளின் பங்கு தயாரிப்புச் செலவில் கால்வாசிக்கு வந்திருந்தது. பேட்டரி, கேமரா மாட்யூல், உலோகப் பாகங்கள் என்று ஒவ்வொன்றாக உள்ளூர்க் கம்பெனிகள் உள்ளே புகுந்திருந்தன. ஆரம்பத்தில் கிடைத்த ஆறரை டாலரை மட்டும் பார்த்திருந்தால் இது ஏமாற்று வேலை என்று தோன்றியிருக்கும். பத்து வருடத்துக்குள் அது எங்கே போய் நின்றது என்பதுதான் பார்க்க வேண்டியது.

திருப்பூரில் ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டின் காஸ்டிங் ஷீட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எண்கள் வருடத்துக்கு வருடம் மாறும், கணக்குப் புரிவதற்காக ஏறக்குறைய போடுகிறேன். நூல் கிலோ 280 ரூபாய். நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அமுக்குவது) எல்லாம் சேர்த்து, நடுவில் கழியும் எடையையும் கூட்டினால், தயார் துணி கிலோ 440 ரூபாய்க்கு வந்து நிற்கும். ஒரு பீஸுக்கு 210 கிராம் துணி, அதாவது 92 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் சேர்ந்து 32. லேபிள், தையல் நூல், பாலிபேக், அட்டைப்பெட்டி 14. நெஞ்சில் ஒரு சின்ன பிரிண்ட் 8. ரிஜெக்ஷன், ஆபீஸ் செலவு, தூத்துக்குடி துறைமுகம் வரை லாரி வாடகை எல்லாம் 12. மொத்தம் 158 ரூபாய். அதன்மேல் 12 ரூபாய் லாபம் வைத்து, டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், கப்பலேற்றிக் கொடுக்கும் விலை சரியாக 2 டாலர். அதே டி-ஷர்ட் ஐரோப்பாவில் கடையில் தொங்கும்போது 10 யூரோ, நம் காசில் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். நடுவில் கப்பல், வரி, குடோன், கடை வாடகை, விளம்பரம், விற்காமல் தள்ளுபடியில் போகும் சரக்கு எல்லாம் இருக்கின்றன. அதனால் மீதி அத்தனையும் பையருக்கு லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 10 யூரோவை நிர்ணயிப்பவர் அவர். 2 டாலரையும் பெரும்பாலும் அவரேதான் நிர்ணயிக்கிறார். டார்கெட் பிரைஸ் என்று மெயிலில் ஓர் எண் வரும். நாங்கள் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம்.

லட்சம் பீஸ் ஆர்டரில் ஒரு சென்ட் குறைத்தால் 85,000 ரூபாய் போகும். அந்த ஒரு சென்ட்டுக்காக இரவு பதினொரு மணி வரை பையிங் ஆபீஸோடு (பையருக்காக இங்கே பேரம் பேசும் அலுவலகத்தோடு) பேசியிருக்கிறேன். விலை பேசி முடிந்த பிறகு நூல் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால், பீஸுக்கு நாலரை ரூபாய் போய்விடும். 12 ரூபாய் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். நூல் ஏறியதற்காக விலையைக் கூட்டிக் கொடுத்த பையரை நான் பார்த்ததில்லை. சாயம் தாமதமாகி, சொன்ன தேதிக்குக் கப்பலைப் பிடிக்க முடியாமல் போனால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் நம் தலையில்தான். ஒரே ஒரு ஏர் ஷிப்மென்ட் முழு வருட லாபத்தையும் தின்றுவிடுவதை நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே பார்த்தேன். வலைப்பின்னலில் இருப்பது என்றால் இதுதான். சந்தை நம் கையில் இல்லை, ஆனால் சந்தையின் ஆபத்து நம் வீட்டில் இருக்கிறது.

அப்படியென்றால் எதற்காக இதில் இருக்கிறோம்? இதே ஊர் இதனால்தான் எழுந்தது என்பதும் உண்மை. கிணற்றுப் பாசனம் கைவிட்ட பிறகு தோட்டத்தை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள், உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் நெய்துகொண்டிருந்த ஊர் இது. 1970களின் கடைசியில் இத்தாலியிலிருந்து பையர் வந்து நேரடியாக ஆர்டர் கொடுக்கத் தொடங்கினார். 1980களில் ஐரோப்பியப் பெரிய கடைகள் வந்தன. இன்று திருப்பூரின் வருட ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய் அளவுக்கு இருக்கிறது. அந்தப் பையர்கள் பணத்தை மட்டும் கொண்டுவரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜெர்மன் பையரின் டெக்னீஷியன் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். குழந்தைகள் டி-ஷர்ட். அளவு எல்லாம் சரியாக இருந்தது, தையலும் சுத்தம். அவர் கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டையை) இரண்டு கையாலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே டேப் வைத்தார். சரக்கு மொத்தத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். குழந்தையின் தலை உடம்பை ஒப்பிட்டால் பெரியது, கழுத்து விரியாவிட்டால் தாய் மாட்டும்போது குழந்தை அழும், அந்தத் தாய் மறுபடி இந்தக் கடைக்கு வரமாட்டாள் என்று விளக்கினார். அதுவரை நாங்கள் கழுத்தைப் படுக்கவைத்துத்தான் அளந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் இன்று சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறார்கள். மூன்று பேருடைய அளவுப் பட்டியலிலும் கழுத்து விரிவுக்கு ஒரு வரி இருக்கிறது.

அந்த மூன்று பேர் வெளியே போய்த் தொழில் தொடங்க முடிந்ததே, அதுதான் என் பதிலின் நடுப்பகுதி. திருப்பூரில் ஒரு பனியன் செய்ய ஒரே கூரை தேவையில்லை. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், தைத்துக் கொடுக்கப் பவர்டேபிள் (சில மெஷின் போட்ட சின்னத் தையல் யூனிட்) வைத்திருப்பவர் ஒருவர், காஜா பட்டன் அடிக்க இன்னொருவர் என்று எல்லாமே ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலையாக, கிடைக்கும். நாலு மெஷின் வாங்க முடிந்த டெய்லர் பவர்டேபிள் போட்டுவிடலாம். பையர் ஒரு கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தது ஐந்து வருடத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒரு பையர் போய்விட்டால் அந்தக் கம்பெனிக்கு அடி விழும், ஆனால் ஊருக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். பங்களாதேஷின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற உள்ளூர்க் கம்பெனி, தென்கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் போட்டு, 130 பேரைப் புசான் நகரத்து ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அன்றைக்குப் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடு வாரியாகக் கோட்டா வைத்திருந்தன. கொரியாவுக்குக் கோட்டா இறுகியது, பங்களாதேஷுக்கோ கோட்டாவே இல்லை, அதனால் டேவூ அங்கே போனது. டேவூவின் கணக்கு எதுவாக இருந்தாலும், பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களில் வெளியேறி, சொந்தமாகத் தொடங்கினார்கள், அல்லது புதிதாகத் தொடங்கியவர்களிடம் சேர்ந்தார்கள். இன்று அந்த நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நாலு பங்கு ஆடை. வந்த கம்பெனி எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது என்று எல்லாரும் கேட்கிறோம். அதை விட்டு வெளியே போனவர்கள் என்ன செய்ய முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் போன் செய்யத் தொடங்கியது. உச்சத்தில் 8,000 பேருக்கு நேரடி வேலை, அதைச் சுற்றி பாகம் செய்யும் கம்பெனிகள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. காரணம் ஒன்றல்ல. வரி வழக்கு இருந்தது. அந்த வழக்கால், போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. எல்லாவற்றுக்கும் மேல், பட்டன் போனை விட்டு உலகம் தொடுதிரைக்குப் போய்விட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. நோக்கியாவுக்குப் பாகம் செய்து கொடுத்த தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கான், அடுத்த மாதமே அங்கே இருந்த தன் ஆலையை நிறுத்தியது. எட்டு வருடம் கோடிக்கணக்கில் போன் செய்த இடத்தில், அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு போன் கம்பெனியையோ, உலகத்துக்கு விற்கும் பாகக் கம்பெனியையோ கட்டியவர்கள் கையில் எண்ணும் அளவுக்குக்கூடத் தெரியவில்லை. வேலை பார்த்த பிள்ளைகள்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. கன்வேயர் வரிசையில் ஒரு இடத்தில் நின்று ஒரு வேலையை மட்டும் செய்தவருக்கு மற்ற முப்பது இடத்தில் நடப்பது தெரியாது. முக்கியப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. சுற்றி இருந்த பாகக் கம்பெனிகளும் பெரும்பாலும் நோக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்தவை. இந்தியா 1997இல் கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தால் பல மின்னணுப் பொருள்களுக்கு இறக்குமதி வரி இல்லாமல் போயிருந்தது. அதனால் இங்கே பாகம் செய்வதைவிட வரவழைப்பது லாபம். நாலு மெஷின் வாங்கி யாரும் பவர்டேபிள் போட முடியாத தொழில் அது.

அதே மாவட்டங்களில் இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021இல் வெளியேறுவதாக அறிவித்து, அடுத்த வருடம் உற்பத்தியை நிறுத்தியது. ஆலைத் தொழிலாளர்களுக்கு அது பெரிய அடி, அந்தக் குடும்பங்களின் இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சென்னையின் வாகன பாகத் தொழில் அதோடு போகவில்லை. அம்பத்தூரிலும் பாடியிலும் திருமுடிவாக்கத்திலும் இருக்கும் பட்டறைகள் ஒரே கார் கம்பெனியை நம்பி இருக்கவில்லை. டிவிஎஸ் குழுமம், ரானே, சிம்ப்சன் போன்றவை ஃபோர்டும் ஹூண்டாயும் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே இருந்தவை. எண்ணூரில் அசோக் லேலண்டு, பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று பிட்டர், டர்னர், டை மேக்கர் தலைமுறைகள் இருந்தன. அதன்மேல், 1990களில் வந்த வெளிநாட்டுக் கார் கம்பெனிகளுக்கு அரசு ஒரு நிபந்தனை போட்டது: மூன்று வருடத்தில் பாதிப் பாகம், ஐந்து வருடத்தில் 70 சதவீதம் பாகம் உள்நாட்டிலிருந்து வர வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இதை உலக வணிக அமைப்பில் வழக்காகப் போட்டன. 2001இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது, நிபந்தனையும் போய்விட்டது. அதற்குள் பாகக் கம்பெனிகள் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டன. நிபந்தனைதான் தொழிலை வளர்த்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஏற்கெனவே ஆள் இருந்த இடத்தில் போட்ட நிபந்தனை அது. ஆள் இல்லாத இடத்தில் போட்டிருந்தால் கம்பெனி வந்திருக்காமலே போயிருக்கலாம்.

இந்த இடத்தில் ஹூண்டாயின் சொந்தக் கதையையும் சொல்ல வேண்டும். இன்று இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், 1968இல் கொரியாவின் உல்சானில் ஃபோர்டின் கார்டினா காரைப் பாகமாக வாங்கிக் கோர்த்துக் கொடுத்த கம்பெனி. நம் பாஷையில் ஜாப் ஒர்க். ஃபோர்டோடு சேர்ந்து என்ஜின் ஆலை போடப் பேசினார்கள், அது முறிந்தது. அப்புறம் கொரிய அரசு சொந்த வடிவில் கார் செய்யச் சொல்லி நெருக்கியது. இங்கிலாந்திலிருந்து ஒரு அனுபவமுள்ள நிர்வாகியைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளரிடம் வடிவத்தை வாங்கினார்கள். மிட்சுபிஷியிடம் என்ஜின் வாங்கினார்கள். 1970களின் நடுவில் போனி கார் வந்தது. சொந்த என்ஜின் செய்ய 1991 வரை ஆனது. ஆக, கோர்ப்பிலிருந்து என்ஜினுக்கு வர ஏறக்குறைய 23 வருடம். அவர்கள் வலைப்பின்னலை விட்டு வெளியேறவில்லை, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள், யாரிடமும் முழுசாகக் கட்டுண்டு போகவில்லை.

இதுவரை சொன்னவை நடந்தவை. இவற்றுக்குக் காரணம் என்ன என்பதில்தான் சந்தேகத்துக்குரிய பகுதி தொடங்குகிறது. கொரிய அரசு மலிவான கடன் கொடுத்து, ஏற்றுமதியில் தேறாதவர்களிடம் கையை இறுக்கியதால்தான் அந்த நாடு வளர்ந்தது என்று ஒரு தரப்பு உறுதியாகச் சொல்கிறது. 1993இல் வந்த உலக வங்கியின் ஆய்வு, குறிப்பிட்ட தொழில்களைத் தேர்ந்தெடுத்து ஊட்டியதால் பெரிய பலன் இல்லை என்ற பக்கம் சாய்ந்தது. கொரியாவில் நிலச்சீர்திருத்தம் முன்பே நடந்திருந்தது, பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளையும் எட்டியிருந்தது, அமெரிக்காவின் பணமும் சந்தையும் திறந்திருந்தன, பக்கத்தில் போர் பயம் இருந்தது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. நான் தொழிலில் பார்த்ததை வைத்து முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன், அது என் சாய்வுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. உள்நாட்டுப் பாகம் கட்டாயம் என்ற நிபந்தனையை 1995க்குப் பிறகு உலக வணிக அமைப்பின் விதிகள் தடுக்கின்றன. ஏணியில் ஏறியவர்கள் பயன்படுத்திய படிகளில் சில இன்று இல்லை. மானியம் கொடுத்து இழுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. இந்த நிலையில் கொரியா போன வழியில் இன்னொரு நாடு அப்படியே போக முடியுமா என்பது திறந்த கேள்வி.

திருப்பூர் எங்கே நின்றுவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல தையல், நல்ல சாயம், குறைந்த கழிவு என்று செய்முறையில் ஏறினோம். வெள்ளை பனியனிலிருந்து குழந்தை ஆடை, இரவு உடை, விளையாட்டு உடை என்று பொருளிலும் ஏறினோம். வடிவம் போடுவது, பிராண்டு வைப்பது, கடைக்கு நேராக விற்பது என்ற வேலைகளுக்கு ஏறியவர்கள் மிகக் குறைவு. இதற்கு ஒரு நேரடியான காரணம் இருக்கிறது. கழுத்தை எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்தால் பையருக்கு லாபம். அடுத்த கோடைக்கு என்ன நிறம் ஓடும் என்று சொல்லிக்கொடுத்தால் நாம் அவருக்குப் போட்டி. பிரேசிலின் சினோஸ் பள்ளத்தாக்கில் அமெரிக்கர்களுக்குக் காலணி செய்தவர்களுக்கும் இதேதான் நடந்தது. தரம் உயர எல்லா உதவியும் கிடைத்தது, வடிவமும் சந்தையும் பையர் கையிலேயே இருந்தன, 1990களில் சீனா மலிவாகச் செய்து கொடுத்ததும் ஆர்டர்கள் அங்கே போயின. திருப்பூரில் சொந்த பிராண்டு வைத்து நிலைத்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தையில் உள்ளாடை விற்றவர்கள், வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் அல்ல. உள்ளூர் வாடிக்கையாளரை நமக்குத் தெரியும், அவரை அடைய யாரையும் கேட்க வேண்டியதில்லை. உலக வலைப்பின்னலைப் பற்றிப் பேசும்போது உள்நாட்டுச் சந்தையை மறந்துவிடுவது பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

மெஷின் விஷயமும் அப்படித்தான். கோயம்புத்தூரில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, நூற்பு மெஷின்களை இங்கேயே செய்தது. அதனால் நூல் மில் போடுபவருக்கு மெஷின், ஸ்பேர், மெக்கானிக் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பூரிலோ, நிட்டிங் மெஷின் ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறது, தையல் மெஷின் ஜப்பான், சீனத் தயாரிப்பு. இத்தனை வருட ஏற்றுமதிக்குப் பிறகும் ஒரு நல்ல வட்ட நிட்டிங் மெஷினை இந்த ஊர் செய்யவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏற்றுமதிப் பணத்தில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது.

இன்னொரு கணக்கும் நாட்டு வருமானத்தில் ஏறுவதில்லை. நொய்யல் ஆறு. சாயப்பட்டறைக் கழிவு போய், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் போயின. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களில் துணியை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊர்களில் சாயம் தேடி அலைந்தோம். பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் மாறியது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சாயக்கூலி ஏறியது, பையர் விலையை ஏற்றவில்லை. இன்று அதே பையர்களின் அறிக்கைகளில் எங்கள் சுத்திகரிப்பு நிலையங்களின் படம் வருகிறது. ஆற்றை இழந்த விவசாயிகளுக்கு இது பதில் ஆகாது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்ததும் இந்த வலைப்பின்னலுக்குள் நடந்ததுதான். விலை குறைய வேண்டும், தேதி தவறக் கூடாது என்ற நெருக்கடி கடைசியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்மேல் போய் இறங்குகிறது. கட்டடம் உறுதியா, சம்பளம் முறையா, சங்கம் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது உள்நாட்டு அரசின் வேலை. பையரின் ஆடிட் அதற்கு மாற்றாகாது. ஆடிட் நடக்கும் நாளன்று மட்டும் எந்தக் கதவு திறந்திருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டபோது, பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதத்தோடு சேர்ந்து மொத்த வரி 66 சதவீதத்தைத் தாண்டியது. மேலே சொன்ன 2 டாலர் கணக்கைத் திரும்பிப் பாருங்கள். அதில் லாபமே 100க்கு ஏழுதான், இந்த வரியை அதில் எங்கே வைப்பது? அமெரிக்கா திருப்பூரிலிருந்து போகும் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்த நாடு. முழுக்க அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த யூனிட்கள் ஷிப்டைக் குறைத்தன. ஐரோப்பாவுக்கும் இங்கிலாந்துக்கும் உள்நாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொண்டிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அம்பத்தூர் பட்டறைகளிடம் பார்த்த அதே பாடம்.

சரி, ஐபோன் விஷயத்துக்கு வருவோம். இப்போது நடப்பது நோக்கியா கதையே மறுபடியுமா, அல்லது சீனா ஏறிய ஏணியின் முதல் படியா? இரண்டுக்கும் அடையாளம் இருக்கிறது. கோர்ப்பு வேலைதான் இன்னும் பெரும்பகுதி, பெண் பிள்ளைகள் விடுதியில் தங்கி வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் ஊரில் பணம் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்: சம்பளம் அவர்களுடைய ஊருக்குப் போகிறது. மறுபக்கம், ஓசூரில் டாடா போனின் மேலுறையைச் செய்கிறது, ஓர் இந்தியக் கம்பெனி போனையே கோர்க்கும் இடத்துக்கும் வந்திருக்கிறது. பாகம் செய்பவர்களை இழுக்க மத்திய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, தமிழ்நாடும் அதனோடு சேர்த்து ஒரு திட்டம் அறிவித்தது. 2006இல் இப்படிப் பாகங்களைக் குறிவைத்த திட்டம் இருக்கவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. மானியம் நின்ற மறுநாள் யார் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்களே கண்காணிக்க வழி இருக்கிறது. மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத் தளம் எல்லாருக்கும் திறந்தது. 8517 என்ற குறியீட்டில் போன்களும் போன் பாகங்களும் வரும், 8542இல் சில்லுகள் வரும். ஏற்றுமதியை மட்டும் எடுக்காமல், அதே வருடத்து இறக்குமதியையும் பக்கத்தில் எழுதி, ஐந்தாறு வருடத்துக்கு வரிசையாகப் போடுங்கள். ஏற்றுமதி ஏறும் வேகத்தில் பாக இறக்குமதியும் ஏறினால் ஆறரை டாலர் கட்டத்திலேயே இருக்கிறோம். இரண்டுக்கும் இடைவெளி விரிந்தால் ஏதோ இங்கே தங்கத் தொடங்கியிருக்கிறது. தரவில் தெரியாத ஒன்றை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் டூல் ரூம் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறை) வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால், போன் கம்பெனிகளுக்கு மோல்டு (வார்ப்பு அச்சு), ஜிக் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சாதனம்) ஏதாவது செய்கிறீர்களா, முன்பு அந்த ஆலைகளில் இருந்து வந்தவர்கள் யாராவது உங்களிடம் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.